மெக்கானிக்கல் படித்தவனும் புரொபேஷன் வேலையும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நம் சங்கச் செயலாளர் எனக்கு போன் செய்தபோது, "ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்றார். "அண்ணே, நான் டெக்னிக்கல் வேலையை விட்டு ஏழு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றேன். "அப்ப நீ அங்க என்னதான் பண்றே?" என்றார். சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, அதையே வந்து பேசு" என்றார். அதனால்தான் பம்ப் டிசைன் பற்றி ஒரு நண்பரும் சோலார் பற்றி இன்னொரு நண்பரும் பேசி முடித்த மேடையில், ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்தவர்களைப் பற்றிப் பேச நான் நிற்கிறேன்.

என் வேலையின் பெயரே நம் ஊரில் ஒரு குழப்பம். "பையன் மெல்போர்னில் புரொபேஷன் ஆபீசர்" என்று அம்மா ஒரு கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறார். என் சித்தப்பா ரொம்பக் கவலையோடு, "இத்தனை வருஷமா புரொபேஷன்லயே வெச்சிருக்கானுங்களா? எப்ப பெர்மனென்ட் பண்ணுவாங்க?" என்று கேட்டாராம். சித்தப்பா மாதிரி நினைப்பவர்கள் இந்த ஹாலிலும் இருக்கலாம். நான் பெர்மனென்ட்தான். புரொபேஷனில் இருப்பது எனக்கு எதிரே உட்காருகிறவர்.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு நன்னடத்தை அலுவலர் என்று நல்ல பெயர் உண்டு. நான் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் இந்தத் தண்டனைக்கு சமுதாயத் திருத்த ஆணை என்று பெயர் சொல்லலாம். ஒருவர் குற்றம் செய்தது உறுதியாகிவிட்டது. ஆனால் அவரை உள்ளே தள்ளுவதால் பயன் இல்லை, வெறும் அபராதம் போட்டு அனுப்பவும் மனசு வரவில்லை என்று மாஜிஸ்திரேட் நினைத்தால் இந்த ஆணையைப் போடுவார். இப்போதுள்ள வடிவம் 2012 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் தண்டனையை அறிவித்துவிட்டு நிறுத்தி வைக்கும் வழக்கம் ஒன்று இருந்தது. அதை 2013-லும் 2014-லும் இரண்டு கட்டமாக எடுத்துவிட்டார்கள். அதனால் இந்த ஆணையின் மேல் பாரம் கூடியது. 2014 டிசம்பரில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் போல்டன் வழக்கில் ஒரு வழிகாட்டும் தீர்ப்பு சொன்னது. முன்பு சில வருஷம் ஜெயில் கிடைத்திருக்கக்கூடிய குற்றங்களுக்குக்கூட இந்த ஆணை பொருந்தலாம் என்பது அதன் சாரம். மக்களுக்குக் கோபம் வந்தது, பத்திரிகைகளில் எழுதினார்கள், 2017-ல் சில கடுமையான குற்றங்களை இந்த ஆணைக்கு வெளியே எடுத்தார்கள். இந்த இழுபறி இன்னும் ஓயவில்லை.

இந்த ஆணையில் எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம், குற்றவாளி சம்மதித்தால்தான் இதைப் போட முடியும் என்பது. ஜெயிலுக்குப் போக யாரும் சம்மதம் கேட்பதில்லை. இதற்குக் கேட்கிறார்கள். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் இரண்டு வேலை நாளுக்குள் எங்கள் ஆபீசுக்கு வர வேண்டும். வீடு மாறினால், வேலை மாறினால் இரண்டு வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். அனுமதி இல்லாமல் மாநில எல்லையைத் தாண்டக்கூடாது. ஜெயில் தண்டனைக்குரிய இன்னொரு குற்றம் செய்யக்கூடாது. இவை எல்லோருக்கும் பொது. இவற்றுக்கு மேல் ஆளுக்குத் தகுந்த மாதிரி நிபந்தனைகளைச் சேர்ப்பார்கள்: சம்பளமில்லாத பொதுப்பணி, அது 600 மணி நேரம் வரை போகலாம், போதை சிகிச்சை, இன்னாரோடு சேரக்கூடாது, இந்த இடத்துப் பக்கம் போகக்கூடாது, இரவில் வீட்டில் இருக்க வேண்டும் என்றெல்லாம். மீறினால் அந்த மீறலே தனிக் குற்றம், மூன்று மாதம் வரை ஜெயில். அதோடு பழைய குற்றத்துக்குப் புதிதாகத் தண்டனை கொடுக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. மீறினாரா இல்லையா என்று கோர்ட்டுக்கு எழுதுகிற பேனா என் கையில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு இதை விளக்கினேன். "அப்ப நீ போலீஸ்" என்றார். "இல்லை, அவருக்கு வீடு தேடித் தருவதும் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருவதும் நான்தான்" என்றேன். "அப்ப நீ சமூக சேவகர்." அதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலி.

இந்த நாற்காலியை முதலில் போட்டவர் வக்கீலோ நீதிபதியோ இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பூட்ஸ் தைத்துப் பிழைத்த ஜான் அகஸ்டஸ் என்பவர். 1841-ல் போலீஸ் கோர்ட்டில் ஒரு குடிகாரரைப் பார்க்கிறார். இவரை நான் ஜாமீனில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். மூன்று வாரம் கழித்து அதே ஆளைக் கூட்டி வருகிறார், கோர்ட்டில் அடையாளமே தெரியவில்லை. அபராதம் ஒரு சென்ட். 1859-ல் இறக்கும் வரை ஏறத்தாழ 2000 பேரை இப்படி ஏற்றுக்கொண்டார். சம்பளம் கிடையாது. செருப்புக் கடை வியாபாரம் என்ன ஆயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் கோட்டில் எழுதி வைத்த முறையும் எனக்குப் பிடிக்கும். யாரை எடுத்தார், என்ன ஆயிற்று என்று கணக்கு வைத்தார். திருந்துவார் என்று தோன்றுகிறவரைத்தான் எடுத்தார். நமக்கு அந்தச் சலுகை இல்லை. கோர்ட் அனுப்புகிறவர் எல்லோரையும் எடுக்க வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலம் 1878-ல் இதைச் சட்டமாக்கிச் சம்பளத்துக்கு ஆள் போட்டது.

இனி நான் எப்படி இதில் வந்து விழுந்தேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையேதான் எல்லோரும் வெளியில் கேட்பீர்கள். நான் 2009-ல் இங்கிருந்து வெளியே போனவன். 2011-ல் மேல்படிப்புக்கு மெல்போர்ன். முடித்ததும் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. நல்ல வேலை, நல்ல கேன்டீன். ஃபோர்டு 2016 அக்டோபரிலும், டொயோட்டாவும் ஹோல்டனும் 2017 அக்டோபரிலும் ஆஸ்திரேலியாவில் கார் செய்வதையே நிறுத்திவிட்டன. கார் இல்லாத ஊரில் உதிரிபாகம் யாருக்கு? எங்கள் ஷெட்டையும் மூடினார்கள். பிடித்த வேலை கிடைக்க நாளாகும் என்று தெரிந்தது. வீட்டு வாடகை அதுவரை காத்திருக்காது. பொதுப்பணி செய்யும் குற்றவாளிகளை வேனில் கூட்டிப்போய் வேலை வாங்கும் மேற்பார்வையாளர் தேவை என்று ஒரு விளம்பரம். மெஷின் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. இரண்டு மாதம் பார்ப்போம் என்று சேர்ந்தேன்.

எட்டுப் பேர், ஒரு வேன், பின்னால் டிரெய்லரில் புல் வெட்டும் மெஷின்கள். பூங்காவில் புல் வெட்டுவது, சுவரில் கிறுக்கியதை அழிப்பது, தோட்டத்தில் காய்கறி போட்டு தர்ம ஸ்தாபனங்களுக்குக் கொடுப்பது. முதல் நாள் எனக்கு உள்ளுக்குள் பயம்தான். பதினொரு மணிக்கு டீ குடிக்கும்போது பயம் போய்விட்டது. ஒருவர் பேக்கரிக்காரர், ஒருவர் காலேஜ் மாணவர், ஒருவர் அறுபது வயதுத் தாத்தா, லைசென்ஸ் ரத்தான பிறகும் வண்டி ஓட்டியவர். நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. என்னை யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை. என் பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கிக் கூப்பிட்டார்கள், இன்றைக்கும் அப்படித்தான். இரண்டு மாதம் என்று நினைத்தது ஒரு வருஷத்தைத் தாண்டியது. இரவில் ஒரு டிப்ளமோ படித்து, துறைப் பயிற்சி முடித்து, ஆபீசுக்குள் மேசைக்கு வந்தேன்.

மேசைக்கு வந்ததும் முதலில் கையில் கொடுத்தது ஒரு கேள்வித்தாள். ஒருவர் மறுபடி குற்றம் செய்ய எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடும் கருவி அது. கனடாவைச் சேர்ந்த ஆண்ட்ரூஸ், பொன்டா என்ற உளவியலாளர்களின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 43 கேள்வி. பழைய வழக்குகள், படிப்பு-வேலை, குடும்பம், பொழுதுபோக்கு, கூட்டாளிகள், போதை, குற்றத்தைப் பற்றிய மனப்போக்கு, குணம் என்று எட்டுத் தலைப்பு. கூட்டினால் ஒரு எண் வரும். மற்ற அதிகாரிகள் பலர் உளவியல் படித்தவர்கள், அந்த எண்ணை அவர்களுக்குப் பிடிக்காது. எனக்குப் பிடித்தது, ஆனால் எதற்கு அது உதவாது என்பதும் உடனே புரிந்தது. காரணம் இதே கட்டடத்தின் மாடியில் நடந்த மெஷின் டிசைன் வகுப்பு. பேரிங் தேர்வு செய்கிற கணக்கு ஞாபகம் இருக்கிறதா? எல்-10 ஆயுள் என்று போடுவோம். 100 பேரிங்கில் 90 அந்த ஆயுளைத் தாண்டி ஓடும், 10 அதற்கு முன்பே போய்விடும். எந்தப் பத்து? கேட்டலாக் சொல்லாது. என் கேள்வித்தாளும் அப்படித்தான். இந்த எண் வாங்கிய ஒரு கூட்டத்தில் சுமார் இத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று சொல்லும். எதிரே உட்கார்ந்திருக்கும் இவர் வருவாரா என்று சொல்லாது. புதிதாக வரும் அதிகாரிகளுக்கு இந்தப் பேரிங் கதையைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆராய்ச்சியில் இன்னொரு முடிவு உண்டு, அது நம் பெரியவர்களுக்கு ஏற்காது. ஆபத்துக் குறைந்த ஆளை அடிக்கடி கூப்பிட்டு, கடுமையான ஆட்களோடு ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் அவர் இன்னும் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. வேலை போகும், நல்ல சகவாசம் குறையும், புதிய சகவாசம் கூடும். எனவே அவரைக் கொஞ்சம் விட்டுவிட வேண்டும். நேரத்தையும் சிகிச்சையையும் ஆபத்து அதிகமுள்ளவரிடம் கொட்ட வேண்டும். "நல்ல பையனை விட்டுட்டு ரவுடிக்கா செலவு பண்றீங்க?" என்று கேட்பார்கள். ஆமாம், அப்படித்தான்.

இப்போது ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், சட்டப்படி சொல்லவும் கூடாது. ஊர், வயது, வழக்கு எல்லாம் மாற்றி, இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒருவராக்கித்தான் சொல்கிறேன்.

21 வயது. நிறுத்தியிருந்த கார்களின் கண்ணாடியை உடைத்துச் சாமான் எடுத்தது, கடையில் திருடியது. எல்லாம் ஐஸ் என்று அங்கே சொல்லும் போதைப் பொருளுக்காக. ஒரு வருஷ ஆணை, 150 மணி நேரப் பொதுப்பணி, போதை சிகிச்சை, என் மேற்பார்வை. முதல் மூன்று மாதம் ஒழுங்காக வந்தான். வேலைத் தளத்தில் ஒரு நாள் புல் வெட்டும் மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை. மேற்பார்வையாளர் தூக்கி வேனில் போடப் போனவரை நிறுத்தி, கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்து, பத்து நிமிஷத்தில் ஓட்டிக் காட்டினானாம். எனக்குக் கேட்டதும் கை பரபரத்தது. யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்டேன். "தாத்தா" என்றான், அதற்கு மேல் பேசவில்லை. அங்கே தொழிற்பயிற்சிக் கல்லூரியை டேஃப் என்பார்கள், நம் ஐ.டி.ஐ. மாதிரி. சின்ன எஞ்சின் மெக்கானிக் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி இரண்டு பேரும் சேர்ந்து நிரப்பினோம்.

நாலாவது மாதம் அவன் இருந்த அறையிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். ஒரு வாரம் ஒரு நண்பன் வீட்டு சோஃபா, அடுத்த வாரம் வேறு நண்பன். அந்த நண்பர்கள் யார் என்று கேள்வித்தாளின் கூட்டாளிகள் பகுதி ஏற்கனவே சொல்லியிருந்தது. போன் கட் ஆனது. முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு வரவில்லை. எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். எந்த விலாசத்துக்கு அனுப்புவது? இரண்டாவது, மூன்றாவது வாரமும் வரவில்லை.

என் வேலை எங்கே கனக்கிறது என்று கேட்டால் இந்த இடத்தில்தான். மீறல் என்று கோர்ட்டுக்கு எழுதினால் அவன் ஜெயிலுக்குப் போக வாய்ப்பு உண்டு. போனால் போதை ஒருவேளை சில மாதம் நிற்கும், வெளியே வரும்போது அறையும் இருக்காது, டேஃப் இடமும் இருக்காது. எழுதாமல் இன்னும் ஒரு வாரம் என்று தள்ளினால், அந்த ஒரு வாரத்தில் யாரோ ஒருவருடைய கார் கண்ணாடி உடையலாம். அவன் வழக்குக் கோப்பில் ஒரு பெண்மணியின் வாக்குமூலம் இருந்தது. நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ். அவர் காரை இரண்டு முறை உடைத்திருக்கிறான். கண்ணாடிக்குப் பணம் கட்டியதைவிட, இரவில் தனியாக காருக்கு நடந்து போகப் பயமாகிவிட்டது என்றுதான் அதில் எழுதியிருந்தார். அனுதாபம் பையன் பக்கம் மட்டும் ஓடும்போது நான் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் படித்துவிடுவேன்.

எழுதினேன். அதோடு ஆணையை ரத்து செய்ய வேண்டாம், சிகிச்சையை முன்னால் வைத்து, மணி நேரத்தைக் குறைத்துத் தொடர விடலாம் என்று சிபாரிசும் சேர்த்தேன். அவன் கோர்ட்டுக்கு வரவில்லை. வாரண்ட். பல வாரம் கழித்துப் பிடிபட்டான். மாஜிஸ்திரேட் அறிக்கையைப் படித்துவிட்டு ஆணையைத் தொடர விட்டார். அவன் திரும்ப வந்து, பாதிக்கு மேல் மணி நேரத்தை முடித்தான். பிறகு ஒரு புது வழக்கு. இப்போது உள்ளே இருக்கிறான். வெளியே வந்தால் வேறொரு அதிகாரியிடம் போகலாம். அந்த டேஃப் விண்ணப்பத்தின் நகலைக் கோப்பில்தான் வைத்திருக்கிறேன்.

இப்படிச் சொன்னால் எல்லோரும் திரும்பி வருகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்காக முடித்துப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களைப் பற்றிச் சொல்லக் கதை இருக்காது. கடைசி நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, கதவைத் தாண்டியதும் எங்களை மறந்துவிடுவார்கள். மறக்கத்தான் வேண்டும். ஜெயிலில் ஒருவரை ஒரு நாள் வைத்திருக்கும் செலவில் வெளியே பல பேரைக் கண்காணிக்கலாம் என்ற கணக்கும் இருக்கிறது. அதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

2020-ல் கொரோனா வந்தது. மெல்போர்ன் மொத்தம் ஆறு முறை, 262 நாள் பூட்டிக் கிடந்த ஊர். மேற்பார்வை பெரும்பாலும் போனில். முகத்தைப் பார்க்காமல் ஒருவர் குடித்திருக்கிறாரா, அழுகிறாரா, பக்கத்தில் யாராவது நின்றுகொண்டு பதில் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று குரலிலேயே கண்டுபிடிக்கப் பழகினோம். எஞ்சின் சத்தத்தை வைத்து வால்வைச் சொல்கிற மெக்கானிக் மாதிரி என்று ஒரு பெருமை எனக்கு. பாதி நேரம் அது வெறும் லைன் கோளாறாகவும் இருக்கும்.

அடுத்து நம் ஆட்கள். இதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக வந்தேன், குறிப்பாகக் கடைசி வரிசைக்கு. வெளிநாடு போக நினைப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

என் மேசைக்கு இந்தியர்களும் வருகிறார்கள். படித்தவர்கள், இன்ஜினியர்கள் உண்டு. பொதுவாக இரண்டு வழியாக வருவார்கள். ஒன்று, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது. அங்கே ரத்தத்தில் 0.05 தான் எல்லை. லேனர், பி பிளேட் ஓட்டுனர்களுக்கு சைபர். 2018-லிருந்து எல்லையைத் தாண்டிப் பிடிபட்டால் லைசென்ஸ் போவதோடு, திரும்ப ஓட்ட வேண்டுமானால் காரில் ஒரு கருவி பூட்ட வேண்டும். ஊதினால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். "ரெண்டு பீர்தான்" என்பதை எத்தனை மொழிக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

இரண்டாவது வழி, வீட்டில் கை நீட்டுவது. 2016-ல் விக்டோரியாவில் குடும்ப வன்முறை பற்றி ஒரு ராயல் கமிஷன் அறிக்கை கொடுத்து 227 பரிந்துரை செய்தது. அதற்குப் பிறகு இந்த வழக்குகளைப் பார்க்கிற பார்வையே மாறியது. மனைவிக்குப் பாதுகாப்பு ஆணை ஒன்றைக் கோர்ட் போடும். அது சிவில் ஆணைதான், ஆனால் மீறினால் கிரிமினல் குற்றம். ஒருவர் வந்தார். நம் தேசம், எந்த மாநிலம் என்று சொல்லப் போவதில்லை. சாஃப்ட்வேர். மனைவியோடு தொடர்பு கொள்ளக்கூடாது என்று ஆணை இருக்கும்போது நாற்பதுக்கு மேல் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தி, "பிரதர், நீங்களும் இந்தியாதானே. கட்டின பொண்டாட்டிகிட்ட பேசறது ஒரு குற்றமா? இதெல்லாம் நம்ம வீட்டு விஷயம், இந்த வெள்ளைக்காரங்களுக்கு என்ன தெரியும்? உங்களுக்குப் புரியும்" என்றார்.

நன்றாகவே புரிந்தது. அதனால்தான் அந்த 'பிரதர்' எனக்குப் பிடிக்கவில்லை. கோப்பில் மற்ற விஷயமும் இருந்தது. மனைவியின் பாஸ்போர்ட்டும் ஏ.டி.எம். கார்டும் அவர் அலமாரியில் பூட்டியிருந்தன. என் விசாவில்தான் நீ இருக்கிறாய், ஒரு போன் போட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அந்த ஊரில் பக்கத்து வீட்டு வியட்நாமிய அம்மாவைத் தவிர யாரையும் தெரியாது. போலீசுக்குச் சொன்னது அந்த அம்மாதான். நான் அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "இங்கே நான் உங்களுக்கு பிரதர் இல்லை, ஆணையில் எழுதியிருப்பதை முதலில் படிப்போம்." ஒரு வரி ஒரு வரியாகப் படித்தோம். முக்கால் மணி நேரம் ஆனது.

அவரை ஆண்களுக்கான நடத்தை மாற்ற வகுப்புக்கு அனுப்பினோம். குறைந்தது 20 வாரம், வாரம் ஒரு நாள், ஒரு வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். முதல் சில வாரம் தன் மாமனாரைப் பற்றியே குறை சொன்னார். ஒன்பதாவது வாரம் போல என்னைப் பார்க்க வந்தபோது முகம் சரியில்லை. "சாயங்காலம் நீங்க வீட்டுக்கு வந்து கேட் திறக்கற சத்தம் கேட்டா உங்க பொண்ணு என்ன செய்வாள்னு குரூப்ல கேட்டாங்க. மத்தவங்க ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எனக்கு, அவ கட்டிலுக்குப் பின்னால போய் உட்கார்ந்துக்குவான்னு அப்பதான் ஞாபகம் வந்தது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைத் தேதி போட்டுக் குறித்து வைத்தேன். அவர் திருந்தினாரா என்று கேட்காதீர்கள். அதை நான் சொல்ல முடியாது, அந்தப் பெண்தான் சொல்ல முடியும். ஆணை முடியும் வரை புது மெசேஜ் போகவில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும்.

விசா விஷயம். ஆஸ்திரேலியக் குடிமகனாக இல்லாத ஒருவருக்கு 12 மாதம் அல்லது அதற்கு மேல் ஜெயில் தண்டனை விழுந்து, உள்ளே அனுபவித்துக்கொண்டிருந்தால், 2014 டிசம்பரிலிருந்து அவர் விசா கட்டாயமாக ரத்தாகும். இருபது வருஷமாக அங்கேயே வாழ்ந்தாலும் சரி. திரும்பக் கேட்டு வாங்கலாம், அது வேறு போராட்டம். மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் நிலைமை இன்னும் மெல்லிசு. ஜெயிலே வேண்டாம், ஏதாவது ஒரு குற்றத்தில் தண்டிக்கப்பட்டாலே ரத்து செய்ய அதிகாரிகளுக்கு வழி இருக்கிறது. ஊரில் நிலத்தை அடமானம் வைத்து அனுப்பியிருப்பார்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரியில் அது போய்விடும். நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஏஜென்டுகள் கொடுக்கும் பளபளப்பான புத்தகத்தில் இந்தப் பக்கம் இருக்காது, அதனால் சொல்கிறேன்.

நம் ஊருக்கு வருகிறேன். இது வெள்ளைக்காரன் வழக்கம், நமக்கு ஒத்துவராது என்று ஒரு நண்பர் காலையில் டிபன் சாப்பிடும்போது சொன்னார். சென்னை மாகாணத்தில் 1936-லேயே புரொபேஷன் சட்டம் உண்டு. நாடு முழுவதற்கும் 1958-ல் தனிச் சட்டம் வந்தது. தூக்கு, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதபோது, நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் வரையான காலத்துக்கு விட்டுவிடக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. 21 வயதுக்குக் கீழே இருந்தால், இப்படி விட முடியாததற்குக் காரணத்தை எழுதி வைக்காமல் ஜெயிலுக்கு அனுப்பக்கூடாது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அதே சட்டத்தின் 12-வது பிரிவு, இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பு சேராது என்கிறது. ஒரு கலாட்டாவில் மாட்டிக்கொண்ட பத்தொன்பது வயசுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை, தெரிந்தால்தானே வக்கீலிடம் கேட்பார்கள். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமுதாய சேவை என்பதே ஒரு தண்டனையாக முதல் முறை வந்திருக்கிறது. ஆறு சின்னக் குற்றங்களுக்கு மட்டும்: 5000 ரூபாய்க்குக் குறைவான திருட்டில் முதல் முறை மாட்டிப் பொருளைத் திருப்பிக் கொடுத்தவர், குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தவர் என்ற மாதிரி. புல் வெட்டும் மெஷினை யார் பழுது பார்ப்பது, யார் கையெழுத்து வாங்குவது, வராதவரை யார் தேடிப் போவது என்பதெல்லாம் இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு ஆள் போடாமல் சட்டத்தை மட்டும் போட்டால், காகிதத்தில் மணி நேரம் எழுதி முடித்துவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம். இங்கே வக்கீல் நண்பர்கள் இருந்தால் மறுக்கலாம்.

"இன்ஜினியரிங் படிச்சது வீணாப் போச்சே" என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. பேரிங் கதை ஒன்றைத் தவிர நேராகப் பயன்பட்டது குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம் ஃபிட்டிங் லேபில் பழகிய ஒரு பழக்கம் மிச்சமிருக்கிறது. பீஸ் ஏன் உடைந்தது என்று கேட்கும்போது யார் உடைத்தது என்று மட்டும் கேட்டால் நம் இன்ஸ்ட்ரக்டர் வெளியே அனுப்பிவிடுவார்.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, செயலாளர் அண்ணன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். சாயங்காலம் வரை பழைய வொர்க்ஷாப் வாசல் வேப்பமரத்தடியில் இருப்பேன். மெல்போர்ன் வருகிறவர்கள், வீட்டு வாடகை, வேலை, டிரைவிங் லைசென்ஸ் என்று என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். விசா ஆலோசனை மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்ல அங்கே தனிப் பதிவு வேண்டும், எனக்கு அது இல்லை. அதை மீறி நான் சொன்னால், எதிர் நாற்காலியில் நான் போய் உட்கார வேண்டி வரும்.